தைத்து வைத்த மார்பு

என் மார்பில் வைத்துத் தைத்த சதை நிறம் மாறுவதை முதலில் கவனித்தது நான்தான். நர்ஸ் அப்போதுதான் வந்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவர் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். காலையில் வெளுப்பாக இருந்த தோலின் கீழ் விளிம்பு, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வந்திருந்தது.

“என்னாங்க, இங்க பாருங்க. கலர் மாறுது.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “இப்பதானே மிஸ்ஸி பார்த்துட்டுப் போச்சு. சும்மா அதையே பார்த்துக்கிட்டு இருக்காதலா.”

அந்த மார்பு என் யோசனை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கிள்ளானில் வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. கணவருக்கும் துறைமுகத்தில்தான் வேலை, கிரேன் பழுது பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஒரே மகன் ஜொகூர் பாருவில் இருக்கிறான். கல்யாண வீடுகளுக்குப் போனால் எங்களைப் பொருத்தமான ஜோடி என்பார்கள். அவருக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். நான் என்ன சேலை கட்ட வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். அந்தச் சேலைக்குத் தகுந்த சட்டையை அவர் போட்டுக்கொள்வார். மண்டபத்து வாசலில் நின்று படம் எடுத்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் பேஸ்புக்கில் போட்டுவிடுவார். அதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

குளிக்கும்போது இடது மார்பில் கையில் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் நம்மவர். தமிழில் நிதானமாக விளக்கினார்.

“ரெண்டு வழி இருக்கும்மா. மார்பை எடுத்துட்டு அப்படியே தச்சு விட்டுடலாம். சீக்கிரம் ஆறிடும். இல்லன்னா, எடுக்கிற அன்னிக்கே உங்க அடிவயித்துல இருந்து தோலும் கொழுப்பும் ரத்தக் குழாயோட எடுத்து, மார்புல வச்சு, குழாயை அங்க இருக்கிற குழாயோட இணைச்சுடலாம். பார்க்க மார்பு மாதிரியே இருக்கும்.”

அவர் கம்ப்யூட்டரில் சில படங்களைக் காட்டினார். தலையில்லாத பெண்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும். என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஒண்ணு சொல்லணும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. வச்ச சதைக்கு ரத்தம் சரியா போகலன்னா அது செத்துப் போயிடும். அந்த ரிஸ்க் மத்தவங்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் கூட.”

“எனக்கு எடுத்துட்டாப் போதும் டாக்டர்” என்றேன்.

“பயத்துல பேசுறா டாக்டர்” என்றார் கணவர். “ரெண்டாவதே செஞ்சிருங்க. அப்புறம் கண்ணாடியப் பார்த்து அழுதுக்கிட்டு இருப்பா.”

டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவசரமில்லை, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார். வீட்டில் பேசினார்கள். கணவர் பேசினார். காஜாங்கிலிருந்து அவருடைய அக்கா பேசினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். “பொம்பளைக்கு அதுதானம்மா அழகு. குறை இல்லாம இருக்க ஒரு வழி இருக்குன்னா எதுக்கு வேணாங்கிற?” மகன் போனில், “அப்பா சொல்றதும் சரிதான்மா” என்றான். அந்த வீட்டில் புற்றுநோயைப் பற்றிப் பேசியதைவிட மார்பைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். போட்ட பேனாவைக் கொடுத்தது அவர்.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிறு இடுப்புக்கு இடுப்பு கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. நிமிர்ந்து படுக்க முடியவில்லை. மார்பின் மேல் ஒரு நர்ஸ் சின்ன மைக் போன்ற கருவியை வைத்தாள். அதிலிருந்து உஷ், உஷ் என்று சத்தம் வந்தது. வைத்த சதைக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தம் அது என்றாள். கணவர் அதைப் போனில் பதிவு செய்து அண்ணிக்கு அனுப்பினார். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை அனுப்புவது மாதிரி.

மறுநாள்தான் அந்த நாவல்பழ நிறம் வந்தது. அவர் பார்க்காததால் நானே மணியை அழுத்தினேன். நர்ஸ் வந்து பார்த்தாள்; பார்த்ததும் வேகமாக வெளியே போனாள். டாக்டர் வந்தார். சதைக்குள் ரத்தம் போகிறது, ஆனால் வெளியே வரும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, திரும்பத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கே மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், “எடுத்துடுங்க டாக்டர்” என்றேன். “காப்பாத்திடலாம்மா” என்றார். என்னைச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மேல்பாதி பிழைத்தது. கீழ்ப்பாதி பிழைக்கவில்லை. நீலமாகி, பிறகு கறுத்து, பிறகு பழைய செருப்பின் தோல்போலக் காய்ந்து இறுகியது. ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. எது பிழைக்கும், எது சாகும் என்று உடம்பே பிரித்துக் காட்டும், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு நாள் காலையில் இளம் டாக்டர் ஒருத்தி வந்து கத்தரிக்கோலால் அந்தக் கறுப்பின் ஓரத்தை வெட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் கம்பியைப் பிடித்தேன். ஒன்றுமே தெரியவில்லை. நகம் வெட்டும்போது கூட விரலில் ஒரு அசைவு தெரியும். இதில் அதுகூட இல்லை. என் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒன்றை வெட்டுகிறார்கள், அது யாருடையதோ மாதிரி கிடக்கிறது. வலித்திருந்தால் அழுதிருப்பேன். வலிக்காததால் பயந்தேன்.

அன்றைக்குத்தான் கணவர் முதல்முறையாக அதைத் திறந்த நிலையில் பார்த்தார். காப்பி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர் திரைச்சீலையை விலக்கினார், பார்த்தார், விட்டார். காப்பியை வெளியே மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அங்கேயே ஆறிப்போனது. பிறகு வந்தபோது என் முகத்தைப் பார்த்தே பேசினார். கழுத்துக்குக் கீழே அவர் கண் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

“எல்லாம் சரியாயிடும். பாசிட்டிவா இரு” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கட்டு மாற்ற, நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். புற்றுநோய்க்கு அடுத்து மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் புண் ஆறாமல் மருந்து ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடித்துப் போட்டுவிடுமாம். திறந்த புண்ணோடு அதைத் தொடங்கினால் கிருமி ஏறிவிடும். அதனால் காத்திருந்தேன். எந்த நோய்க்காக உடம்பை வெட்டக் கொடுத்தேனோ அதற்கான வைத்தியம், அழகுக்காக ஒட்டிய சதை ஆறட்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. இதை யாரிடம் சொன்னாலும், “அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்” என்றார்கள்.

கணவர் சொந்தக்காரர்களிடம் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லியிருந்தார். போன் வந்தால் என்னிடம் கொடுப்பதற்கு முன், போனைக் கையால் மூடிக்கொண்டு, “புண்ணு அது இதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காத. அவங்க கவலைப்படுவாங்க” என்பார். மகனிடமும் அப்படித்தான். அவன் சனி ஞாயிறுகளில் வந்தபோது நான் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அம்மா தெளிவா இருக்காங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

வாசனை பிறகு ஆரம்பித்தது. முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது, தலையைத் திருப்பும்போது. அப்புறம் தலையணையில், நைட்டியில், கழுவிக் காயப்போட்ட துண்டில். கிளினிக்கில் கட்டைப் பிரித்த மலாய் நர்ஸ் முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனால் மாஸ்க்குக்கு மேலே இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டாள். “அக்கா, நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க” என்றாள் மலாயில். வெளியே காடியில் உட்கார்ந்திருந்த கணவரிடம் சொன்னேன்.

“அடுத்த வாரம்தானே அப்பாயின்மென்ட். அதுக்குள்ள எதுக்கு அவசரம்? அந்த டாக்டர் என்ன சொன்னார், காத்திருக்கணும்னுதானே சொன்னார்?”

“வாட வருதுங்க.”

“எனக்கு ஒண்ணும் வரலையே” என்றார். காடியின் கண்ணாடி முழுவதும் இறக்கி விட்டிருந்தது. வெளியே நல்ல வெயில்.

அவர் படுக்கையை மகனின் அறைக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஏர்கோன் நன்றாக வேலை செய்கிறதாம்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி காஜாங்கிலிருந்து வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று சுறாப்புட்டு செய்துகொண்டு வந்திருந்தார். அண்ணி கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். எதையாவது துடைப்பார், மடிப்பார். அன்றைக்கு ஹாலில் வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டு, சமையலறைப் பக்கம் போனவர் பாதியிலேயே நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

“தம்பி, வீட்ல எங்கயோ எலி செத்துக் கிடக்குது போலிருக்கே.”

நான் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தேன். கணவர் டிவி முன்னால். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

“அப்படியா அக்கா?”

“என்ன அப்படியா? உனக்கு மூக்கு இல்லையா? நோயாளி இருக்கிற வீடு. சுத்தமா வச்சிருக்க வேணாமா? பிரிட்ஜுக்குப் பின்னாடி பாரு.”

அவர் எழுந்தார். எழுந்து போய் பிரிட்ஜைப் பிடித்து இழுத்தார்.

அவருக்குத் தெரியும். என் முதுகுக்குத் தலையணை வைக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் பிரிட்ஜை இழுத்தார். அதன் பின்னால் டார்ச் அடித்தார். அண்ணி துடைப்பக்கட்டையால் அடுப்பு மேடைக்குக் கீழே துழாவினார். பிறகு இருவருமாக ஹாலுக்கு வந்து ஷோகேஸை நகர்த்தினார்கள். அதற்குள் எங்கள் கல்யாணப் படம், மகன் பட்டம் வாங்கிய படம், பீங்கான் பொம்மைகள். எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. “மெதுவா, மெதுவா” என்றார் அண்ணி. பின்னால் ஒரு பழைய பேட்டரியும் தூசியும்தான் இருந்தன. சோபாவைத் தூக்கினார்கள். செருப்பு அலமாரியைத் திறந்தார்கள். கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணி எடுத்துவந்து, கூரையில் ஒரு பலகையைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேல ஏதாச்சும் இருக்கா தம்பி?”

“இருட்டா இருக்கு அக்கா. இங்கதான் எங்கயோ இருக்கணும்.”

அந்த ஏணி என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கால்கள் என் முகத்துக்கு நேராக இருந்தன. இத்தனை வருஷம் நான் துவைத்துப் போட்ட கைலி. எனக்கு அழுகை வரவில்லை.

“எலி இல்ல அண்ணி” என்றேன். “நான்தான்.”

அண்ணிக்குப் புரிய நேரமாயிற்று. நான் துண்டை விலக்கினேன். கட்டின் கீழ்ப்பக்கம் மஞ்சளும் பழுப்புமாக ஊறியிருந்தது. அண்ணி துடைப்பத்தைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போகப் பார்த்தது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும்.

“ஏன்டா, நல்லா முடிஞ்சதுன்னு சொன்னே?” என்று ஏணியைப் பார்த்துக் கேட்டார்.

கணவர் கூரைக்குள் தலையை வைத்தபடியே இருந்தார். கீழே இறங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணி காஜாங்குக்கும் அவர் வேலைக்கும் போனபிறகு, ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரிக்குப் போன் செய்தேன். அவள் சீனத்தி. என்னைவிட வயதில் சின்னவள், வாயில் வந்ததைப் பேசுவாள். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். அவள் அவசர லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஐயோ, நாறுது அக்கா. இது சரியில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தா செத்துப் போயிடுவீங்க. வாங்க” என்றாள்.

அத்தனை நாளும் வீட்டில் யாரும் சொல்லாததை அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்கிற நிலையில் நான் இல்லை.

ஃபெடரல் ஹைவேயில் ஜாம். லோரிகளுக்கு நடுவே அவள் காடி ஊர்ந்தது. ஏர்கோனைப் போட்டால் வாடை சுற்றிச் சுற்றி வரும் என்று நானே கண்ணாடியை இறக்கினேன். “வேணாம், புகை வரும், எனக்குப் பழகிடுச்சு” என்று அவள் ஏற்றிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் தாண்டும்போது பூக்கடைகளைப் பார்த்தேன். மல்லிகையைக் குவியல் குவியலாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மூடியிருந்ததால் மணம் வரவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து முகம் மாறினார். கிருமி சேர்ந்துவிட்டது, செத்த பகுதியை உடனே சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பிறகு, “மேல்பாதி இன்னும் உயிரோடதான் இருக்கு. அதை வச்சு, ஆறினப்புறம் முதுகுல இருந்து கொஞ்சம் எடுத்து, சரி பண்ணிடலாம்” என்றார்.

“வேணாம் டாக்டர். எல்லாத்தையும் எடுத்துடுங்க.”

“நல்லா இருக்கிறதையும் எடுக்கணுமா? கொஞ்சம் யோசிங்கம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டோம்.”

“எனக்கு மருந்து ஏத்தணும். அது எப்ப ஆரம்பிக்கும்? முதுகையும் வெட்டினா அது எப்ப ஆறும்?”

அவர் கையுறையைக் கழற்றினார். “உங்க ஹஸ்பண்ட்கிட்ட பேசிட்டீங்களா?”

“ஏன் டாக்டர், அவருக்கா கேன்சர்?”

அறையில் இருந்த நர்ஸ் ட்ரேயை நகர்த்துவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கொஞ்ச நேரம் என் பைலைப் புரட்டினார். அதில் அவர் தேட எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். “சரி, எடுத்துடலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நன்றாக வந்திருந்த வேலை ஒன்றைக் கலைக்கச் சொன்ன மாதிரி ஒரு சலிப்பு குரலில் இருந்தது. அவர் திறமைசாலி. அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. என்னிடம் அவர் பேசியதைவிட அந்தச் சதையிடம் அதிகம் பேசினார், அவ்வளவுதான்.

எடுத்தார்கள். உயிரோடிருந்ததையும் செத்ததையும் சேர்த்து. அந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் கடற்பஞ்சு போல ஒன்றை வைத்து மூடி, குழாய் மாட்டி, தோளில் தொங்கும் ஒரு சின்ன மெஷினோடு இணைத்தார்கள். புண்ணில் ஊறுவதை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ர்ர்ர் என்று சத்தம் போடும். அதை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன், அதோடுதான் சமைத்தேன். கணவர் டிவியின் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டார்.

என்னைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தாய் என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். “எல்லாம் வீணாப் போச்சு” என்றார். என் வயிற்றைக் கிழித்தது, மூன்று தடவை மயக்கம் கொடுத்தது, மருந்து தள்ளிப்போனது, இவற்றைச் சொல்கிறார் என்று நினைத்து, “ஆமா” என்றேன். அவர் அதைச் சொல்லவில்லை.

புண் ஆறியபிறகு, மருந்து ஏற்றும் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு பெண். வழக்கமாக ஆரம்பிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது என்றார்.

“அதனால என்ன ஆகும் டாக்டர்?”

“தெரியாது” என்றார். “ஒண்ணும் ஆகாமலும் போகலாம். தாமதிக்காம இருந்திருந்தா நல்லதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.”

அந்தத் ‘தெரியாது’ என்னோடு வீட்டுக்கு வந்தது. மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, வேலைக்குத் திரும்பிப் போய், இன்றுவரை அது என்னோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போகும்போது, பெயர் கூப்பிடும்வரை, எனக்குப் புற்றுநோயின் மேல் கோபம் வருவதில்லை. அது வந்தது, அதன் வேலையைச் செய்தது. எனக்குக் கோபமெல்லாம் அந்தக் காத்திருந்த காலத்தின் மேல். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் அழகைப் பற்றி முடிவெடுத்த அந்த வாரத்தின் மேல்.

ஒரு பக்கம் தட்டையாகத்தான் இருக்கிறேன். பிராவுக்குள் வைக்கும் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கணவர் வாங்கி வந்தார். வியர்த்தால் அரிக்கிறது, குனிந்தால் நழுவுகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் சேலையைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நாளுக்கப்புறம் கண் கழுத்துக்குக் கீழே இறங்கியது.

“அதை வச்சுக்கோயேன்.”

“அரிக்குது.”

“மண்டபத்துல மட்டும்தானே. ரெண்டு மணி நேரம்.”

“நீங்க வச்சுக்கோங்க” என்றேன்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மண்டபத்தில் அண்ணி ஓடி வந்து, யாரும் கவனிப்பதற்குள், என் முந்தானையை இழுத்து இடது பக்கம் மடிப்பு மடிப்பாக விட்டு ஊக்கு குத்தினார். பாசத்தோடுதான் செய்தார். நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு வாசலில் நாங்கள் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் யார் யாரோடோ நின்று எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் அந்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். ஆப்பரேஷனுக்கு முன், ஏற்கெனவே செய்துகொண்டவர்களோடு புது நோயாளிகள் பேச ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். நான் வருவேனா என்று கேட்டார்கள். போனேன். செராஸிலிருந்து வந்த ஒரு பெண், நாற்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் கணவன். நான் பேசத் தொடங்கியதுமே அவன், “நாங்க வயித்துல இருந்து எடுத்து வைக்கிறதுதான் செய்யலாம்னு இருக்கோம் அக்கா” என்றான். நாங்கள்.

“தம்பி, கீழ போய் மூணு தே வாங்கிட்டு வாங்க” என்றேன்.

அவன் போனதும் கதவைச் சாத்தினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறம் மாறியதை, கறுத்ததை, நாறியதை, பிரிட்ஜை இழுத்ததை. ரவிக்கையைத் தளர்த்தி அந்த இடத்தையும் காட்டினேன். அவள் தைரியமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பலருக்கு நன்றாகவே வருகிறது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

“இப்ப சொல்லும்மா. வீட்டுக்காரர் இல்ல. உனக்கு என்ன வேணும்?”

அவள் யோசிக்கவே இல்லை. “எனக்கு வேணும் அக்கா. அவருக்காக இல்ல. நான் குளிக்கும்போது எனக்கு அது இருக்கணும்.”

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டல்லவா கிளம்பிப் போயிருந்தேன். “அப்ப செஞ்சுக்கோ” என்றேன். அவன் மூன்று கப் தேநீரோடு வந்தான். சர்க்கரை போட்டிருந்தது. குடிக்காமல் கிளம்பினேன்.

தீபாவளிக்கு அவள் எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு படம். மயில் கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை, இரண்டு பக்கமும் ஒரே அளவாய், நேராய் நிற்கிறாள். மருந்தும் ஏற்றி முடித்துவிட்டாளாம், ஒரு தொல்லையும் இல்லையாம். ‘நீங்க அன்னிக்கு என்னைக் கேட்டீங்களே அக்கா, அதுக்கு நன்றி’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், படத்தைப் பார்த்த கணத்திலேயே, தொண்டையிலிருந்து அடிவயிற்றுத் தையல் வரைக்கும் எரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணவர் முறுக்குத் தட்டோடு என் பின்னால் வந்து நின்றிருந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“யாரு இது?”

“ஆஸ்பத்திரியில பார்த்த பொண்ணு. எனக்குச் செஞ்ச அதே ஆப்பரேஷன்.”

அவர் போனை என் கையிலிருந்து வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“பார்த்தியா,” என்றார், “இவங்களுக்கு எவ்வளவு நல்லா வந்திருக்கு.”